ஹெட் கோச் ஆகாமலே ஹால் ஆஃப் ஃபேம்: கிறிஸ் டெய்லியோட நாப்பது வருஷம்

அமெரிக்காவுல கனெக்டிகட் யூனிவர்சிட்டின்னு ஒண்ணு இருக்கு, எல்லாரும் யூகான்னு தான் சொல்லுவாங்க. அங்க பொண்ணுங்க பாஸ்கெட்பால் டீம் 1995-ல இருந்து 2025 வரைக்கும் 12 தடவ நேஷனல் சாம்பியன் ஆகிருக்கு. இந்த டீம பத்தி பேச ஆரம்பிச்சா யாரா இருந்தாலும் ஜீனோ ஒரியெம்மா பேர தான் சொல்லுவாங்க, ஹெட் கோச் அவர் தான், அதுல தப்பே இல்ல. ஆனா அந்த 12 தடவையும் அவர் பக்கத்துல உக்காந்திருந்த அசிஸ்டென்ட் ஒருத்தங்க இருக்காங்க, கிறிஸ் டெய்லி, டீம்ல எல்லாருக்கும் அவங்க சீடி. 1985-ல சேர்ந்தாங்க, வேற காலேஜுக்கு போகவே இல்ல, ஹெட் கோச்சுன்ற பதவி அவங்க பேருக்கு முன்னாடி ஒரு சீசன் கூட வந்ததில்ல, ஆனாலும் 2018-ல பெரிய சாதனை பண்ணவங்க பேர வைக்கிற விமென்ஸ் பாஸ்கெட்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல எடுத்துக்கிட்டாங்க.

நான் இத கேஸா எடுத்து எழுத காரணம் இருக்கு. அசிஸ்டென்ட் வேலன்னாலே அது மேல ஏறுற படி, நாலஞ்சு வருஷம் நின்னுட்டு அடுத்த படிக்கு போகணும், போகலன்னா ஏதோ குறைன்னு தான் ஸ்போர்ட்ஸ்ல மட்டும் இல்ல எல்லா தொழில்லயும் நினைக்கிறாங்க. டெய்லியோட கரியர பொறுமையா பாத்தா அந்த நினைப்பு அப்படியே நிக்காது. அந்த வேலையே ஒரு முழு தொழில், அதுக்குன்னு தனி திறமை இருக்கு, அது இருக்கிறவங்களுக்கு ஹெட் கோச் வேல வந்தே ஆகணும்னு இல்ல, ஹெட் கோச் திறமை இருக்கிறவங்களுக்கு இது வரும்னும் சொல்ல முடியாது. இத டெய்லிய மட்டும் வச்சு சொல்லிட முடியாது, அதனால அதே 1985-ல டென்னஸி யூனிவர்சிட்டில அசிஸ்டென்ட்டா சேர்ந்த இன்னும் ரெண்டு பேரையும் சேர்த்து பாக்கலாம்.

முதல்ல ஆரம்பம். டெய்லி நியூ ஜெர்சி பொண்ணு, அங்கயே ரட்கர்ஸ் யூனிவர்சிட்டில ஆடினவங்க. கோச் தெரேசா கிரென்ட்ஸ், எழுபதுகள்ல இம்மாகுலாட்டான்ற சின்ன காலேஜ் டீம்ல ஆடி வரிசையா மூணு சாம்பியன்ஷிப் ஜெயிச்சவங்க. 1982 மார்ச் 28 அன்னிக்கு ஃபிலடெல்ஃபியாவுல பலெஸ்ட்ரா அரங்கத்துல ரட்கர்ஸ் 83-77னு டெக்ஸஸ ஜெயிச்சு ஏ.ஐ.ஏ.டபிள்யூ சாம்பியன் ஆச்சு. இந்த ஏ.ஐ.ஏ.டபிள்யூ தான் அதுவரைக்கும் காலேஜ் பொண்ணுங்க ஸ்போர்ட்ஸ நடத்துன அமைப்பு, பொண்ணுங்களே பொண்ணுங்களுக்காக நடத்தினது. அதே நாள்ல நார்ஃபோக்ல, அதுவரைக்கும் ஆம்பளங்க காலேஜ் ஸ்போர்ட்ஸ நடத்துன என்.சி.ஏ.ஏ-வோட முதல் விமென்ஸ் ஃபைனல் நடந்துச்சு, லூசியானா டெக் செய்னிய ஜெயிச்சாங்க. பணமும் டிவியும் என்.சி.ஏ.ஏ பக்கம் போயிடுச்சு, ஏ.ஐ.ஏ.டபிள்யூ அந்த வருஷத்தோட முடிஞ்சுது. அதாவது டெய்லி ஆடி வாங்கின சாம்பியன்ஷிப் தான் அந்த அமைப்போட கடைசி சாம்பியன்ஷிப்.

இத நான் சும்மா வரலாறுக்காக சொல்லல. 1972-ல, படிக்கிற எடத்துல ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்ற டைட்டில் நைன் சட்டம் வந்தப்போ காலேஜ் பொண்ணுங்க டீம்கள்ல 90 சதவீதத்துக்கு மேல பெண் கோச்சுங்க தான். அப்புறம் ஸ்காலர்ஷிப் வந்துச்சு, சம்பளம் ஏறுச்சு, கூடவே ஆம்பள கோச்சுங்களும் வந்தாங்க, அந்த பங்கு கடகடன்னு பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு. டெய்லி கோச்சிங்குக்குள்ள வந்தது சரியா அந்த மாற்றம் நடந்துட்டு இருந்த நேரத்துல. காலேஜ் முடிச்சு கொஞ்ச காலம் கார்னெல்ல அசிஸ்டென்ட், அப்புறம் தான் ஆடின ரட்கர்ஸ்லயே அசிஸ்டென்ட். 1985-ல அவங்களுக்கு இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு இருக்கும், கையில நல்ல வேல, ஜெயிக்கிற டீம், சொந்த ஊரு பக்கம்.

அத விட்டுட்டு போனது எங்கன்னு பாக்கணும். ஸ்டோர்ஸ்ன்ற ஊரு, கனெக்டிகட்டோட வடகிழக்கு மூலைல, சுத்தி வயலும் மாட்டுப் பண்ணையும், யூனிவர்சிட்டியே விவசாயக் கல்லூரியா ஆரம்பிச்சது தான். பொண்ணுங்க டீம் 1974-ல ஆரம்பிச்சு பத்து வருஷத்துக்கு மேல ஆகியும் ஜெயிச்சது அதிகமா இருந்த சீசன் ஒண்ணே ஒண்ணு தான். ஃபீல்ட் ஹவுஸ்னு ஒரு பழைய கட்டடத்துல ஆட்டம், மழ பெஞ்சா கூரை ஒழுகும். ஒரியெம்மாவுக்கு அப்ப 31 வயசு, இத்தாலில பொறந்து பென்சில்வேனியாவுல நாரிஸ்டவுன்ல வளந்தவரு, வர்ஜீனியாவுல அசிஸ்டென்ட்டா இருந்துட்டு முதல் தடவையா ஹெட் கோச் ஆகி வந்திருக்காரு, அவருக்கும் பேர் இல்ல டீமுக்கும் பேர் இல்ல. அவர் ஆரம்பத்துலயே எடுத்த ஆள் டெய்லி. தான் எடுத்த முடிவுகள்ல நல்ல முடிவு அது தான்னு பின்னாடி பல தடவ வெளிப்படையா சொல்லிருக்காரு.

முதல் சீசன் 12 வெற்றி 15 தோல்வி, ரெண்டாவது 14-13. இந்த நம்பர்கள பாத்துட்டு தாண்டி போயிடக்கூடாது, ஏன்னா இந்த ரெண்டு வருஷத்துல நடந்த வேல தான் மத்த எல்லாத்துக்கும் அடித்தளம். அந்த வேல என்னன்னா ரிக்ரூட்டிங். அமெரிக்க காலேஜ் ஸ்போர்ட்ஸ்ல ஏலம் கிடையாது டிராஃப்ட் கிடையாது, ஹைஸ்கூல்ல ஆடுற பொண்ண தேடிப் போய், அவ ஆட்டத்த பாத்து, வீட்டுக்கு போயி அம்மா அப்பா முன்னாடி உக்காந்து, நாலு வருஷம் உங்க பொண்ண எங்க கிட்ட விடுங்கன்னு கேக்கணும், ஸ்காலர்ஷிப் எல்லா காலேஜும் தான் குடுக்குது, அப்ப ஒழுகுற கூரையும் தோத்த டீமும் வச்சுக்கிட்டு எத காட்டி கேப்பீங்க, ஆள காட்டி தான் கேக்க முடியும். நியூ ஹாம்ப்ஷயர்ல இருந்து கெரி பாஸ்கம் 1987-ல வந்தாங்க. 1989-ல டீம் 24-6, பிக் ஈஸ்ட்ன்ற காலேஜ் லீக்ல சாம்பியன், முதல் தடவையா நேஷனல் சாம்பியன முடிவு பண்ற என்.சி.ஏ.ஏ டோர்னமென்ட். 1990 ஜனவரில கேம்பல் பெவிலியன்னு புது அரங்கம் திறந்தாங்க. 1991-ல முதல் ஃபைனல் ஃபோர், அதாவது அந்த டோர்னமென்ட்ல கடைசி நாலு டீம்ல ஒண்ணு. ஆறே வருஷம்.

அந்த 1991-ல தான் பக்கத்து மாசசூசெட்ஸ்ல சவுத்விக்ன்ற ஊர்ல இருந்து ரெபெக்கா லோபோ யூகானுக்கு வந்தாங்க, கடைசி வருஷம் 1995-ல 35-0, தோல்வியே இல்லாம சாம்பியன்ஷிப். ஃபைனல்ல எதிர்ல டென்னஸி, ஸ்கோர் 70-64.

இடையில 1988-லயே டெய்லிக்கு அசோசியேட் ஹெட் கோச்னு பதவி குடுத்தாங்க, அதுக்கு மேல ஏற இன்னும் ஒரு பதவி தான் பாக்கி, அதுல வேற ஆள் இருக்காரு. அப்ப இருந்து இப்ப வரைக்கும் அதே பதவி.

சரி, அவங்க பண்ற வேல தான் என்ன?

டிவில பாக்குறப்போ அசிஸ்டென்ட் கோச் என்ன பண்றாங்கன்னே தெரியாது, கைல ஒரு நோட்டோ கார்டோ இருக்கும், டைம்-அவுட்ல ஹெட் கோச் பின்னாடி நிப்பாங்க. நிஜத்துல ஒரு சீசன்ல முப்பதுக்கு மேல மேட்ச், ஒவ்வொரு எதிர் டீமுக்கும் ஸ்கவுட்டிங் ரிப்போர்ட் வேணும், அத அசிஸ்டென்ட்டுங்க பங்கு போட்டுக்குவாங்க, நீ இந்த டீம் நான் அந்த டீம்னு. வீடியோவ உக்காந்து பாத்து எந்த பொண்ணு எந்த கைப்பக்கம் ஓடுவா, எந்த செட் ப்ளே எப்ப போடுவாங்கன்னு எழுதணும், அத பிளேயர்களுக்கு புரியுற மாதிரி ரெண்டு பக்கத்துக்குள்ள கொண்டு வரணும், அடுத்த நாள் பிராக்டிஸ்ல எதிர் டீம் மாதிரி ஆடிக் காட்ட ஆள் வேணும். யூகான் மாதிரி டீம்கள்ல அதுக்கு காலேஜ்ல படிக்கிற ஆம்பள பசங்க வருவாங்க, பிராக்டிஸ் பிளேயர்ஸ்னு சொல்லுவாங்க, அவங்களுக்கு எதிர் டீமோட ஆட்டத்த சொல்லிக் குடுக்கறதும் அசிஸ்டென்ட்டுங்க தலைல தான். இதோட ரிக்ரூட்டிங், படிப்பு, டிராவல், யாருக்கு மனசு சரியில்ல, யார் வீட்டுல என்ன பிரச்சன, எல்லாம் வரும்.

டெய்லி இதெல்லாம் பண்ணாங்க, ஆனா அவங்க பேர் எதுக்கு பிரபலம்னா பழக்க வழக்கத்துக்கு. ஜெர்சி உள்ள செருகி இருக்கணும். யாராவது பேசினா கண்ண பாத்து பேசணும். நேரத்துக்கு வரணும்னா நேரத்துக்கு முன்னாடி வரணும். உதவி பண்ணவங்களுக்கு நன்றி சொல்லி கையால எழுதி அனுப்பணும். டீமா வெளிய போனா எல்லாரும் ஒரே மாதிரி டிரஸ். இத கேட்டா ஹாஸ்டல் வார்டன் மாதிரி தோணலாம், எனக்கும் அப்படி தோணுறவங்கள தெரியும், ஆனா இத கொஞ்சம் யோசிக்கணும். ஹைஸ்கூல்ல ஊரே தூக்கி வச்சு ஆடின பொண்ணுங்க தான் யூகானுக்கு வர்றாங்க, கலிஃபோர்னியாவுல இருந்து டயானா டொராசி, ஜார்ஜியாவுல இருந்து மாயா மூர், சிராகூஸ் பக்கத்துல இருந்து பிரியானா ஸ்டூவர்ட், ஒவ்வொருத்தரும் அவங்க வயசுல நாட்டுலயே முதல் இடம். அப்படி பத்து பன்னெண்டு பேர ஒரே ரூம்ல வச்சா யாரும் யாருக்கும் அடங்க வேண்டிய அவசியம் இல்ல. பெரிய விஷயத்துல ஒழுங்கு வேணும்னா சின்ன விஷயத்துலயே அது பழகி இருக்கணும், பந்து வராத நேரத்துலயும் ஓடுற பழக்கம், தான் பாயிண்ட் எடுக்காத மேட்ச்லயும் பெஞ்சுல எந்திரிச்சு கை தட்டுற பழக்கம், இதுக்கெல்லாம் ஆரம்பம் அந்த ஜெர்சி செருகறதுல இருக்குன்னு டெய்லி நம்புறாங்க, அந்த டீம் ஆடுறத பாத்தா நானும் நம்புறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஒரியெம்மா வாய் உள்ளவரு, பிராக்டிஸ்ல பிளேயர்கள குத்திக் குத்தி பேசுவாரு, அதுவே அவரோட முறை, ஒவ்வொருத்தர் எல்லை எதுன்னு பாத்து அத தாண்ட வைக்கிறது. அப்படி ஒருத்தர் இருக்கிற எடத்துல அந்த பேச்ச வாங்கிட்டு வர்ற பத்தொம்பது வயசு பொண்ணுக்கு, அவர் சொன்னதுல இருந்து எத எடுத்துக்கணும் எத விட்டுடணும்னு சொல்ல ஒரு ஆள் வேணும், அந்த ஆள் ஹெட் கோச்ச விட்டுக் குடுக்கவும் கூடாது பொண்ண விட்டுக் குடுக்கவும் கூடாது. இத நாப்பது வருஷம் பண்றது லேசுப்பட்ட வேலயா? எலிஜிபிலிட்டி, அதாவது காலேஜ் டீம்ல ஆட அனுமதி இருக்கிற காலம், முடியற வரைக்கும் யூகான்லயே இருந்து ஆடின பொண்ணுங்க எல்லாரும் டிகிரி வாங்கிட்டு தான் போனாங்கன்னு யூகான் பெருமையா சொல்லும், அதுல யார் உழைப்பு எவ்ளோன்னு எந்த ஸ்கோர் ஷீட்லயும் வராது.

கல்யாண வீட்டுல மேடைல நிக்காம, யாருக்கு பந்தி ஆச்சு யாருக்கு ஆகலன்னு கணக்கு வச்சுக்கிட்டு பின்கட்டுல நிக்கிற அத்தை ஒருத்தங்க இருப்பாங்கல்ல, அவங்க இல்லன்னா கல்யாணம் நடக்காது, ஃபோட்டோலயும் இருக்க மாட்டாங்க. டெய்லி அந்த எடம். ஆனா அத்தைக்கு மேடைல ஏறத் தெரியாதுன்னு யாராவது நினைச்சா அது தப்பு, அது தான் அடுத்தது.

2021 மார்ச். கோவிட் நேரம், பொண்ணுங்க டோர்னமென்ட் முழுக்க டெக்ஸஸ்ல சான் அன்டோனியோ பக்கமே நடக்குது. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரியெம்மாவுக்கு டெஸ்ட் பாசிட்டிவ். அவர் வீட்டுல, டீம் அங்க. முதல் ரெண்டு மேட்ச் டெய்லி கைல. டீம் ரொம்ப சின்ன வயசு டீம், பேஜ் பெக்கர்ஸ் அப்ப ஃபர்ஸ்ட் இயர், நாக்-அவுட்டுன்றதால தோத்தா அன்னிக்கே வீட்டுக்கு. ஹை பாய்ன்ட்ட 102-59, சிராகூஸ 83-47. ரெண்டுலயும் எந்த தடுமாற்றமும் இல்ல. பெக்கர்ஸ் முதல் மேட்ச்ல 24 பாயிண்ட். ஒரியெம்மா திரும்பி வந்தப்போ டீம் அவர் விட்ட எடத்துல இல்ல, ரெண்டு ரவுண்டு முன்னாடி இருந்துச்சு, அந்த வருஷம் ஃபைனல் ஃபோர் வரைக்கும் போனாங்க.

அடுத்தது 2022-23 சீசன், இது இன்னும் கஷ்டமானது. பெக்கர்ஸ் முட்டி லிகமென்ட் கிழிஞ்சு வருஷம் முழுக்க வெளிய, இன்னொரு முக்கிய பிளேயர் அஸி ஃபட்டும் முட்டி அடிபட்டு வெளிய, ஜனவரில ஆட தகுதியான பிளேயர் ஏழு பேர் கூட இல்லாம ஒரு மேட்சே தள்ளி வச்சாங்க. நவம்பர் 20 அன்னிக்கு என்.சி. ஸ்டேட்டோட மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு சற்று முன்னாடி ஹார்ட்ஃபோர்ட்ல எக்ஸ்.எல் சென்டர் அரங்கத்துலயே டெய்லி மயங்கி விழுந்தாங்க, ஸ்ட்ரெச்சர்ல எடுத்துட்டு போனாங்க. பொண்ணுங்க அழுதுட்டே தான் வார்ம்-அப் பக்கம் வந்திருப்பாங்க, ஆனா அந்த மேட்ச 91-69னு ஜெயிச்சாங்க. டெய்லி சீக்கிரமே தேறி வந்துட்டாங்க. ஒரு மாசம் கூட ஆகல, டிசம்பர்ல இந்த தடவ ஒரியெம்மாவுக்கு உடம்பு முடியல, ஃப்ளோரிடா ஸ்டேட்டோட மேட்ச்ல இருந்து டெய்லி தான் டீம நடத்தினாங்க, ஜனவரிலயும் திரும்ப அவங்க தான். ஒரு மேட்ச் கூட தோக்கல. சொல்லப்போனா அவர் இல்லாதப்போ அவங்க நடத்தின மேட்ச் எதுலயும் அவங்க தோத்ததே கிடையாது, அதுவும் வேற வேற காலத்துல, வேற வேற பிளேயர்கள வச்சு.

இத வச்சு அவங்க தான் பெரிய கோச்னு ஒரு பக்கமா சொல்றவங்க இருக்காங்க, நான் அவ்ளோ தூரம் போகல. அந்த மேட்ச் எல்லாம் ஒரியெம்மாவும் அவங்களும் சேர்ந்து கட்டின டீம் ஆடினது, எதிர்ல வந்தவங்க பல பேர் யூகான் அளவு இல்ல. ஆனா இது ஒண்ண காட்டுது, ஹெட் கோச் எடத்துல நிக்கறது அவங்களுக்கு முடியாம போகல. முடியும், நின்னாங்க, அவர் வந்ததும் பழைய எடத்துக்கு போனாங்க.

இப்ப டென்னஸி பக்கம். 1985-லயே அங்க ஹெட் கோச்சா இருந்த பேட் சம்மிட் ரெண்டு பேர அசிஸ்டென்ட்டா எடுத்தாங்க, மிக்கி டிமாஸ், ஹாலி வார்லிக். டெய்லியையும் சேர்த்து மூணு பேரும் ஒரே வருஷம், பின்னாடி கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்த டீம்கள், ஆனா மூணு பேர் கரியரும் மூணு வழில போச்சு, அதனால தான் பக்கத்துல வச்சு பாக்க இவ்ளோ பொருத்தமா இருக்கு.

டிமாஸ் அதுக்கு முன்னாடியே ஃப்ளோரிடாவுல ஹெட் கோச்சா இருந்துட்டு, ஆபர்ன்ல அசிஸ்டென்ட் ஆகி, அங்க இருந்து வந்தவங்க. டென்னஸில 18 சீசன், 1987-ல இருந்து 1998 வரைக்கும் சம்மிட் வாங்கின முதல் ஆறு சாம்பியன்ஷிப்புலயும் இருந்தாங்க, நாட்டுலயே பெரிய ரிக்ரூட்டர்னு பேர். 2003-ல கென்டக்கிக்கு ஹெட் கோச்சா போனாங்க. கீழ கிடந்த டீம தூக்கி நிறுத்தினாங்க, 2006-ல நம்பர் ஒன்னா இருந்த டென்னஸியவே, சம்மிட்டையே, ஜெயிச்சாங்க. அடுத்த வருஷமே, 2007-ல, ராஜினாமா. டீம் நல்லா போயிட்டு இருக்கறப்போ விட்டுட்டு டெக்ஸஸுக்கு அசிஸ்டென்ட்டா போனாங்க, 2010-ல திரும்ப சம்மிட் கிட்டயே. அதுக்கப்புறம் ஒரு வருஷம் தான் நிம்மதி. 2011 ஆகஸ்ட்ல சம்மிட் தனக்கு மறதி நோய் ஆரம்பிச்சிடுச்சுன்னு உலகத்துக்கு சொன்னாங்க. அந்த கடைசி சீசன்ல டிமாஸும் வார்லிக்கும் இன்னொரு அசிஸ்டென்ட் டீன் லாக்வுட்டும் தான் டீம தோள்ல சுமந்தாங்க, மேட்ச் நேரத்துல முடிவு எடுக்கறது, பேட்டி குடுக்கறது எல்லாமே, அதே நேரம் சம்மிட் பெஞ்சுல மரியாதையோட இருக்கணும், அவங்க எடம் போன மாதிரி ஒரு நிமிஷம் கூட தெரியக்கூடாது. காலேஜ் பாஸ்கெட்பால்ல அசிஸ்டென்ட்டுங்க பண்ணதுலயே இத விட பெரிய வேல எனக்கு தோணல.

வார்லிக் டென்னஸிலயே பாயிண்ட் கார்டா, அதாவது பந்த கொண்டு போய் ஆட்டத்த நடத்துற எடத்துல, ஆடினவங்க, அங்க ஆடினவங்கள்ல முதல்ல ஜெர்சி நம்பர வேற யாருக்கும் குடுக்காம ரிட்டயர் பண்ணினது அவங்களோட 22 தான். 27 வருஷம் அசிஸ்டென்ட். 2012-ல சம்மிட் ஒதுங்கினதும் ஹெட் கோச். ஏழு சீசன்ல மூணு தடவ எலைட் எய்ட், அதாவது கடைசி எட்டு டீம், வரைக்கும் போனாங்க, வேற எந்த காலேஜா இருந்தாலும் கொண்டாடிருப்பாங்க, டென்னஸில ஃபைனல் ஃபோர் இல்லன்னா அது தோல்வி. 2019 மார்ச்ல வேலைய விட்டு எடுத்துட்டாங்க. 27 வருஷம் அந்த ஊருக்காக ஓடினவங்கள அவ்ளோ தானான்னு அப்ப எனக்கு வருத்தமா இருந்துச்சு, இப்பவும் இருக்கு.

இதுல இருந்து அசிஸ்டென்ட்டா இருந்தவங்க ஹெட் கோச் ஆகக்கூடாதுன்னு முடிவு கட்டினா அது தப்பு. ஒரியெம்மாவே அசிஸ்டென்ட்டா இருந்து வந்தவர் தான். யூகான்ல டெய்லியோட கூட இருந்தவங்கள்ல ஷே ரால்ஃப் 2021-ல வாண்டர்பில்ட்டுக்கு ஹெட் கோச்சா போய் அந்த டீம மேல கொண்டு வந்திருக்காங்க. டோன்யா கார்டோசா 14 வருஷம் டெம்பிள் யூனிவர்சிட்டில. ஜமெல் எலியட் 1995 சாம்பியன் டீம்ல ஆடினவங்க, 12 வருஷம் அசிஸ்டென்ட்டா இருந்துட்டு 2009-ல சின்சினாட்டிக்கு போனாங்க, அங்க ஒன்பது சீசன், என்.சி.ஏ.ஏ டோர்னமென்ட் ஒரு தடவ கூட கிடைக்கல. எலியட்டுக்கு பாஸ்கெட்பால் தெரியலன்னு யாராவது சொல்ல முடியுமா? யூகான்ல ஒரு போன் பண்ணா நாட்டுலயே சிறந்த பொண்ணு எடுத்து பேசுவா, சின்சினாட்டில அதே குரல், அதே ஆள், போன எடுக்க மாட்டா. வேலையோட பேர் ஒண்ணு தான், வேலை வேற.

டெய்லிக்கு ஹெட் கோச் வாய்ப்பு வராம இருந்திருக்காது, 1995-க்கு அப்புறம் யூகான் பெஞ்சுல இருந்தவங்கள எல்லா காலேஜும் கவனிச்சுது. ஏன் போகலன்னு வெளிய இருந்து அவங்க மனசுக்குள்ள புகுந்து சொல்ல நான் தயார் இல்ல. பாக்க முடியறது இது தான்: யூகான்ல அவங்க கிட்ட இருந்தது பேருக்கு இருக்கிற பொறுப்பு இல்ல, யார் வரணும், டீம் எப்படி நடக்கணும்னு முடிவு எடுக்கிற பொறுப்பு. அத விட்டுட்டு பதவிப் பேருக்காக ஜெயிக்காத ஒரு எடத்துக்கு போய் ரெண்டு மூணு வருஷத்துல வேலை போற அபாயத்தோட நிக்கிறது தான் முன்னேற்றம்னு நாம வெளிய இருந்து சொல்றோம்.

ஆனா இதுல இருக்கிற வலிய மூடி மறைக்கவும் கூடாது. பொண்ணுங்க டீம், ஹெட் கோச் ஆம்பள, நாப்பது வருஷமா ரெண்டாவது எடத்துல ஒரு பொம்பள. மேல சொன்னேனே அந்த 90 சதவீதம், அது சரிஞ்ச கதையோட உள்ளேயே தான் இந்த கரியரும் இருக்கு. 2024-ல ஒரியெம்மாவுக்கு அஞ்சு வருஷத்துக்கு 1 கோடியே 87 லட்சம் டாலர்னு காண்ட்ராக்ட் போட்டாங்க, அந்த அளவு பணம் எந்த அசிஸ்டென்ட்டுக்கும் கிடையாது. ஜெயிச்ச மேட்ச் கணக்கும் அப்படி தான், ஹெட் கோச் பேர்ல ஏறும், டைம்-அவுட்ல போட்ட ப்ளே யாரோடதா இருந்தாலும். டெய்லிய புகழ்றப்போ "விசுவாசம்"னு ஒரு வார்த்தைய தூக்கிட்டு வர்றாங்க, எனக்கு அது பிடிக்கல. விசுவாசம்னு சொன்னா அவங்க திறமைய பத்தி பேச வேண்டிய அவசியமே இல்லாம போயிடுது. அவங்க அங்க இருந்தது விசுவாசத்துக்காக மட்டும் இல்ல, அந்த வேலைல அவங்க அளவுக்கு வேற ஆள் இல்லன்றதாலயும் தான்.

2018 ஜூன்ல ஹால் ஆஃப் ஃபேம்ல எடுத்தப்போ அதே வருஷ லிஸ்ட்ல மிக்கி டிமாஸ் பேரும் இருந்துச்சு. ஒரே வருஷத்துல ரெண்டு பேர், ரெண்டு பேரும் அசிஸ்டென்ட் வேலைக்காக பேர் வாங்கினவங்க, பல வருஷம் ஒருத்தர ஒருத்தர் தோக்கடிக்க வேல பாத்த டீம்களோட ஆளுங்க. அந்த ஹால் இருக்கறது நாக்ஸ்வில்ல, டென்னஸி யூனிவர்சிட்டி இருக்கிற ஊர்ல. யூகான்காரங்க அந்த ஊருக்கு சாதாரணமா சந்தோஷமா போனதே இல்ல. அன்னிக்கு போனாங்க.

2024 நவம்பர் 20 அன்னிக்கு ஒரியெம்மா 1,217-வது மேட்ச ஜெயிச்சு காலேஜ் பாஸ்கெட்பால்லயே அதிக வெற்றி வாங்கின கோச் ஆனாரு. அந்த ராத்திரிய யூனிவர்சிட்டி ரெண்டு பேரோட நாப்பதாவது சீசனா தான் கொண்டாடுச்சு, பழைய பிளேயர்கள் கூட்டமா வந்திருந்தாங்க. 2025 ஏப்ரல்ல டாம்பாவுல சவுத் கரோலினாவ 82-59னு ஜெயிச்சு பன்னெண்டாவது சாம்பியன்ஷிப், பெக்கர்ஸுக்கு அது முதலும் கடைசியும்.

அந்த ஃபைனல்ல யூகான் பெஞ்சுல டெய்லி பக்கத்துல யாரெல்லாம் இருந்தாங்கன்னு பாருங்க. சின்சினாட்டில ஹெட் கோச்சா இருந்துட்டு திரும்பி வந்த ஜமெல் எலியட். டெம்பிள்ல ஹெட் கோச்சா இருந்துட்டு திரும்பி வந்த டோன்யா கார்டோசா. ஹார்ட்ஃபோர்ட்ல ஹெட் கோச்சா இருந்துட்டு திரும்பி வந்த மார்கன் வேலி. மூணு பேரும் அந்த படிய ஏறிப் பாத்தவங்க, மூணு பேருக்கும் அந்த பதவிப் பேர் கிடைச்சிருக்கு, இப்ப மூணு பேரும் டெய்லிக்கு கீழ அசிஸ்டென்ட்.